வெளியேறியவர்களின் வாக்கு: ஈஸ்ட் ராமபோ பள்ளித் தேர்தல்களும் யெஷிவாக் குடும்பங்களும்

நியூயார்க் மாநிலத்தில், பெருநகரங்கள் நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை பள்ளித் தேர்தல் நடக்கிறது. அன்று வாக்காளர் தம் பள்ளி மாவட்டத்தின் வாரியத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார். அடுத்த கல்வியாண்டின் பட்ஜெட்டை ஏற்கிறார் அல்லது தள்ளுகிறார். பட்ஜெட்டுக்கான உள்ளூர்ப் பணம் சொத்து வரியாக வீடுகளிலிருந்து வருகிறது. பொதுப்பள்ளியில் பிள்ளை படிக்கிறதா என்ற கேள்வி வாக்குச் சாவடியில் எழுவதில்லை. குடிமகனாக, வயது வந்தவராக, அம்மாவட்டத்தில் வசிப்பவராக இருந்தால் போதும். பெரும்பாலான ஊர்களில் இந்த ஏற்பாட்டால் தொல்லை ஏதும் இல்லை. பிள்ளையில்லாதவர்களும் ஓய்வுபெற்றவர்களும் வரி கட்டி வாக்களிக்கிறார்கள். பள்ளியைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையும் அதற்கு ஈடாக இருக்கிறது.

ராக்லண்ட் கவுண்டியின் ஈஸ்ட் ராமபோ மாவட்டத்தில் அந்த ஈடு குலைந்துவிட்டது. மான்சி, ஸ்பிரிங் வேலி, நியூ ஸ்கொயர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இம்மாவட்டத்தில், 2017-18 கல்வியாண்டில் பொதுப்பள்ளிகளில் ஏறத்தாழ 9,000 மாணவர் படித்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கறுப்பின, லத்தீன் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தனியார் பள்ளிகளில் படித்தவர்களோ 29,000க்கும் மேல். பெரும்பாலும் யூத சமயப் பள்ளிகளான யெஷிவாக்களில் பயிலும் ஹசிடிக் முதலிய பழமைவாத யூதப் பிள்ளைகள். ஒன்பது பேர் கொண்ட வாரியத்தில் 2005 முதல் பெரும்பான்மை யெஷிவாக் குடும்பங்களின் பக்கம் இருந்துவருகிறது. பொதுப்பள்ளிகளை நடத்தும் வாரியத்தை, அப்பள்ளிகளுக்குத் தம் பிள்ளைகளை அனுப்பாதவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்நிலையை விளங்கிக்கொள்ளப் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலின் கருத்தாக்கம் உதவும். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர் வெளியேறலாம், அல்லது உள்ளே இருந்து குரல் எழுப்பலாம் என்றார் அவர். பொதுப்பள்ளியை அவரே எடுத்துக்காட்டாகக் கையாண்டார்: தரத்தில் அக்கறை மிகுந்த பெற்றோர் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால், உரக்கக் கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்களைப் பொதுப்பள்ளி இழக்கிறது. வெளியேறியவர் குரலையும் விட்டுச் செல்கிறார் என்பது இதிலுள்ள அனுமானம். ஈஸ்ட் ராமபோவில் அது பொருந்தவில்லை. இங்கே குடும்பங்கள் பொதுப்பள்ளியைத் துறந்தது சமயக் கடமையால். தரத்தில் கண்ட குறையால் அன்று. வெளியேறிய பிறகும் வாக்கு அவர்கள் கையிலேயே இருக்கிறது, அதுவும் பெரும்பான்மையாக. இம்மாவட்டத்தின் இருபதாண்டுப் பூசலை யூதர்களின் கட்டுக்கோப்பான வாக்களிப்பு என்று சுருக்குவோர் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் வாதம். பயன்படுத்துவோர் ஒருபுறமும் தீர்மானிப்போர் மறுபுறமும் பிரிந்து நிற்கும் ஓர் அமைப்பை மாநிலம் கட்டியது. அது எதிர்பார்க்கக்கூடிய விளைவையே தந்தது. வாரியம் செய்த தவறுகளை இது மன்னித்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யெஷிவாக் குடும்பங்கள் இத்தேர்தலை ஏன் உயிர்நாடியாகக் கருதுகின்றன? மாவட்டத்தின் பணத்தில் ஒரு பங்கு சட்டப்படியே அவர்களைச் சேர்கிறது. சமயப் பள்ளி மாணவரின் பேருந்துச் செலவை அரசு ஏற்பது அரசியல் சாசனத்துக்கு உடன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல், நியூ ஜெர்சியின் எவர்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. பாடநூல்களை இரவலாகத் தரும் நியூயார்க் சட்டம் 1968இல், ஆலன் வழக்கில் ஏற்கப்பட்டது. நியூயார்க் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து 2 மைலுக்கு மேலும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 3 மைலுக்கு மேலும், 15 மைல் எல்லைக்குள் தனியார் பள்ளி மாணவரையும் மாவட்டமே ஏற்றிச் செல்ல வேண்டும். வாக்காளர் ஒப்பினால் அதற்கும் மேலே தரலாம். ஈஸ்ட் ராமபோவில் குறைந்தபட்சத் தூரம் எதுவும் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேருந்து உண்டு. பல ஹசிடிக் சமூகங்களில் பெண்கள் கார் ஓட்டுவதில்லை. வீட்டுக்கு ஆறு ஏழு பிள்ளைகள். பையன்களுக்கு ஒரு பள்ளி, பெண் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி. அத்தகைய குடும்பத்துக்குப் பேருந்து நின்றால் பள்ளியே நின்றதுபோல. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வியும் இம்மாவட்டத்தின் பொறுப்பே.

வரியையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். யெஷிவாக் கட்டணத்தைத் தாமே செலுத்திக்கொண்டு, தம் பிள்ளைகள் நுழையாத பள்ளிக்கும் இவர்கள் சொத்து வரி கட்டுகிறார்கள். செல்வர்களின் வரி வெறுப்பு என்று இதைக் கொள்ள முடியாது. நியூ ஸ்கொயர் அமெரிக்காவின் மிக வறிய ஊர்களின் வரிசையில் அடிக்கடி இடம்பெறுவது. பட்ஜெட்டுக்கு ‘இல்லை’ என்று வாக்களிக்கும் தந்தைக்கு அந்த வாக்கு மளிகைச் செலவைப் பற்றிய தீர்மானமும்கூட. அவரை நான் குறைகூற மாட்டேன்.

குறைகூற வேண்டியது மாநில உதவிச் சூத்திரத்தை. ஒரு மாவட்டம் எவ்வளவு வசதியானது என்று கணிக்க, அதன் சொத்து மதிப்பையும் குடிமக்களின் வருமானத்தையும் மாணவர் எண்ணிக்கையால் நியூயார்க் வகுக்கிறது. வகுக்கும் எண்ணில் பொதுப்பள்ளி மாணவர் மட்டுமே அடக்கம். ஏறத்தாழ 38,000 பிள்ளைகள் வாழும் ஊரின் சொத்து 9,000 பேருக்கு உரியதுபோல் கணக்கிடப்படுவதால், ஏழை மாவட்டம் தாளில் செல்வ மாவட்டமாகிவிடுகிறது. ஆனால் பேருந்திலும் சிறப்புக் கல்வியிலும் மாவட்டம் சுமப்பது 38,000 பேரின் தேவையை. ஒரு குடும்பம் தன் பிள்ளையை யெஷிவாவில் சேர்க்கும்போது மாநிலத்துக்குச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தையே மாவட்டத்தின் செல்வமாகக் காட்டி உதவி குறைக்கப்படுகிறது. இக்கணக்கை எந்த யெஷிவாப் பெற்றோரும் எழுதவில்லை.

2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் பணம் சுருங்கியபோது வாரியம் எங்கே வெட்டியது என்பதில்தான் அதன் பொறுப்பு தொடங்குகிறது. முழுநாள் மழலையர் வகுப்பு அரைநாளாயிற்று. தொடக்கப்பள்ளிகளில் இசைக்கருவிப் பயிற்சி போயிற்று. துணைத் தலைமையாசிரியர், சமூகப் பணியாளர் பணியிடங்கள் நூற்றுக்கணக்கான பிற பணியிடங்களோடு நீங்கின. அதே ஆண்டுகளில் தனியார் பள்ளிகளுக்கான போக்குவரத்துச் செலவு வளர்ந்தது. மூடப்பட்ட ஹில்கிரெஸ்ட் பொதுப்பள்ளிக் கட்டடத்தை ஒரு யெஷிவாவுக்கு விற்ற பேரத்தை மாநிலக் கல்வி ஆணையர் ரத்து செய்ய நேர்ந்தது. மாநிலம் அமர்த்திய ஹென்றி கிரீன்பெர்க் 2014 நவம்பரில் தந்த அறிக்கை, வாரியம் தன் கூட்ட நேரத்தில் பெரும்பகுதியை மூடிய கதவுக்குப் பின்னே கழித்ததைச் சுட்டியது. இவ்வெட்டுகளில் சில தவிர்க்க முடியாதவை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒருபுறம் மட்டுமே இழந்துகொண்டிருக்க, அதைக் கேட்டு நின்ற பெற்றோரை மண்டபத்தில் காக்கவைத்துவிட்டு உள்ளறைக்குப் போவதற்கு எந்தச் சூத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. தன்னைத் தேர்ந்தெடுக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் வாரிய உறுப்பினர் அறங்காவலர். அந்தக் கடமையில் வாரியம் தவறியது.

பாதிக்கப்பட்ட பெற்றோர் முதலில் சமயம் பற்றிய அரசியல் சாசன விதியை நாடினர். பொதுப்பணம் சமய நோக்கத்துக்குத் திருப்பப்பட்டது என்று தொடர்ந்த மோன்டேசா வழக்கை, மாணவர்களுக்கு அவ்வகையில் வழக்காடும் தகுதி இல்லை என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தள்ளியது. அடுத்து அவர்கள் வாக்குரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஸ்பிரிங் வேலிக் கிளையும் வாக்காளர் சிலரும் 2017இல் தொடுத்த வழக்கில், மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி நடத்தும் தேர்தல் கறுப்பின, லத்தீன் வாக்காளரின் வாக்கை நீர்த்துப்போகச் செய்கிறது என்று நீதிபதி கேத்தி சைபல் 2020 மே மாதம் தீர்ப்பளித்தார். வாரியத்தில் கறுப்பின, லத்தீன் உறுப்பினர் சிலர் அவ்வப்போது இருந்தது உண்மை. அவர்களைப் பட்டியலில் சேர்த்தது யெஷிவா ஆதரவு அமைப்பு, அச்சமூகங்கள் விரும்பிய வேட்பாளர் அவர்கள் அல்லர் என்று அவர் கண்டார். மேல்முறையீட்டில் வாரியம் வைத்த வாதம் கவனத்துக்கு உரியது: எங்கள் வாக்காளர் இனம் பார்க்கவில்லை, வரியையும் பள்ளிக் கொள்கையையும் பார்த்தார்கள். வாக்காளரின் உள்நோக்கம் இனம் என்று நிறுவ வேண்டியதில்லை எனக் கூறி, 2021 ஜனவரியில் அத்தீர்ப்பு உறுதிசெய்யப்பட்டது. மாவட்டம் ஒன்பது வார்டுகளாகப் பிரிந்தது. அடுத்த மாதமே தேர்தல் நடந்தது.

இத்தீர்ப்பை நான் வரவேற்கிறேன். அதன் எல்லையையும் காண்கிறேன். வார்டுகள் பொதுப்பள்ளிப் பெற்றோருக்கு வாரிய மேசையில் இருக்கை தந்தன, பெரும்பான்மை தரவில்லை. பட்ஜெட் வாக்கெடுப்பில் வார்டும் இல்லை. அது இன்றும் மாவட்டம் முழுவதற்கும் ஒன்றே. வார்டு உறுப்பினர் முழுநாள் வகுப்புக்காக வாதாடி வெல்லலாம், அதற்கான வரியை அதே மே மாத வாக்காளர் மறுத்துவிடலாம். பொதுத் தேர்தலிலிருந்து விலகிய நாளில் நடக்கும் தேர்தல்களில் வாக்குப்பதிவு குறைந்து, ஒழுங்குபட்ட குழுக்களுக்குச் செல்வாக்கு கூடுகிறது என்பதை அரசியல் ஆய்வாளர் சாரா ஆன்சியா 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அவர் பேசியது பெரும்பாலும் ஆசிரியர் சங்கங்கள் போன்றவற்றைப் பற்றி. மே மாதத்தில் யெஷிவாக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் வலிமையும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதில் தனியான யூதத்தன்மை ஏதுமில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உள்ளூர்த் தேர்தல் இக்குடும்பங்களுக்கு எதிராகத் திரும்பிய வரலாறும் அருகிலேயே கிடக்கிறது. ராக்லண்டின் ஏர்மான்ட் கிராமம் 1991இல் தனி உள்ளாட்சியானது. பழமைவாத யூதர்களை விலக்கிவைக்கும் மண்டல விதிகளுக்காக அதே ஆண்டில் மத்திய நீதித்துறை அதன்மீது வழக்குத் தொடுத்தது, 2020இல் மீண்டும் தொடுத்தது. பழமைவாத யூதர் பெருமளவில் வாழும் லேக்வுட்டை ஒட்டிய நியூ ஜெர்சியின் ஜாக்சன் நகராட்சி, சமயப் பள்ளிகளையும் மாணவர் விடுதிகளையும் தடுக்கும் விதிகளை 2017இல் இயற்றி, 2020இல் நீதித்துறையின் வழக்கைச் சந்தித்து, 2022இல் உடன்படிக்கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் கட்டவே விடாத உறுப்பினர்கள் உள்ளாட்சி மன்றத்தில் அமர முடியும் என்று கண்ட பெற்றோர், ஒன்றுபட்டு வாக்களிப்பதைத் தற்காப்பாகக் கருதுவதில் வியப்பில்லை.

பிரிந்துபோவது ஒரு வழியாகச் சொல்லப்படுவதுண்டு. ஆரஞ்சு கவுண்டியின் சாட்மர் ஹசிடிக் பிரிவினரின் ஊரான கிரியாஸ் ஜோலுக்குத் தனிப் பள்ளி மாவட்டம் தந்த 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1994இல் தள்ளியது; சட்டமன்றம் வாசகத்தை மாற்றி மாற்றி இயற்றி இறுதியில் அம்மாவட்டம் நிலைத்தது. அங்கே ஒரே சமூகம் ஒரே இடத்தில் திரண்டு வாழ்கிறது. மான்சியும் ஸ்பிரிங் வேலியும் தெருவுக்குத் தெரு கலந்தவை. கோடு கிழிக்க இடமில்லை. லேக்வுட்டில் வேறொரு பாதை தெரிகிறது. தனியார் பள்ளி மாணவர் பொதுப்பள்ளி மாணவரைப் பல மடங்கு விஞ்சும் அவ்வூரின் பொதுப்பள்ளிப் பிள்ளைகள், மாநில நிதிச் சட்டம் தம்மைக் கைவிட்டது என்று வழக்காடினர். அவர்களுக்கு அரசியல் சாசனம் உறுதியளித்த கல்வி கிடைக்கவில்லை என்று நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் கூறியது. அவ்வழக்கு அண்டை வீட்டாரை விட்டுவிட்டு மாநிலத்தை நோக்கி விரல் நீட்டியது. கேள்வி சரியான வாசலைத் தட்டியது.

நியூயார்க்கிலும் அவ்வாசலையே தட்ட வேண்டும். உதவிச் சூத்திரத்தில் மாவட்டத்தில் வாழும் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணுவது முதல் வேலை. சட்டம் கட்டாயமாக்கிய தனியார் பள்ளிப் போக்குவரத்தின் முழுச் செலவையும் மாநிலமே நேரடியாக ஏற்பது அடுத்தது. இவை நடந்தால் ஒரு தாயின் பேருந்தும் இன்னொரு தாயின் மழலையர் வகுப்பும் ஒரே பட்ஜெட் வரிக்குப் போட்டியிட வேண்டியிராது. மூன்றாவது ஒன்று இன்னும் போதிய கவனம் பெறவில்லை. தனியார் பள்ளிகளின் பாடத்திட்டம் பொதுப்பள்ளிக்குக் கணிசமாக ஈடானதா என்று சரிபார்க்கும் பொறுப்பை நியூயார்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சட்டத்தில் வைத்திருக்கிறது. 2022இல் கொண்டுவந்த விதிகள் அதை முதன்மையாக உள்ளூர்ப் பள்ளி அதிகாரத்திடம் ஒப்படைத்தன. 2025இல் சட்டமன்றம் அவ்விதிகளைத் தளர்த்திய பிறகும் உள்ளூர் அதிகாரத்தின் பங்கு முழுதாக நீங்கிவிடவில்லை. நியூயார்க் நகருக்கு வெளியே அந்த அதிகாரம் பள்ளி வாரியத்தைச் சார்ந்தது. ஆக, யெஷிவாப் பெற்றோர் தேர்ந்தெடுத்த வாரியம் யெஷிவாக்களையே மதிப்பிட வேண்டும். அங்கே ஆங்கிலமும் கணிதமும் போதுமான அளவு கற்றுத்தரப்படவில்லை என்று முறையிடும் முன்னாள் மாணவர், தம் பள்ளி நிர்வாகிகளின் அண்டை வீட்டாரிடமே அம்முறையீட்டைக் கொண்டுசெல்ல நேர்கிறது. இப்பொறுப்பு முழுவதையும் மாநிலக் கல்வித்துறையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு யாருடைய வாக்கையும் குறைக்க வேண்டியதில்லை.