குடித்தவர் ஒருவர், ஈடு கட்டுபவர் வேறொருவர்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி விபத்தை ஏற்படுத்தியவருக்குத் தண்டனை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவருக்கு மதுவை ஊற்றிக் கொடுத்த கடைக்காரரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். அடிபட்டவருக்கு அவரும் நஷ்டஈடு கொடுக்க நேரிடலாம். இதற்கான சட்டங்களை 'டிராம் ஷாப்' சட்டங்கள் என்பார்கள். டிராம் என்பது ஒரு சிறிய அளவை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜின் போன்ற மதுவை அந்தச் சின்ன அளவில் விற்ற கடைகளுக்கு இந்தப் பெயர் இருந்தது. அந்தக் கடைகள் மறைந்துவிட்டன. பெயர் மட்டும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்ட பொதுச் சட்டம் முதலில் கடைக்காரர் பக்கமே நின்றது. கேட்டுக்குக் காரணம் குடிப்பதுதான், விற்பது அல்ல என்பது அதன் வாதம். வயது வந்த ஒருவர் தானே காசு கொடுத்து வாங்கிக் குடித்தால் அதற்கு விற்றவர் என்ன செய்வார் என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் குடிகாரர்களின் வீடுகளிலிருந்து வந்தது. கூலி முழுவதையும் சலூனில் தொலைத்துவிட்டு வரும் கணவன்மார்களால் எத்தனையோ குடும்பங்கள் பட்டினி கிடந்தன. (அங்கே சலூன் என்றால் முடி வெட்டும் கடை அல்ல, சாராயக் கடை!) 1849இல் விஸ்கான்சின் மாநிலம் ஒரு வழி கண்டது. சாராயக் கடைக்காரர் 1,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். குடியால் ஆதரவற்றுப் போகும் விதவைகள், அனாதைகள் ஆகியோரைத் தாங்கும் பொறுப்பும் அவருடையது. இன்றைய மதுப் பொறுப்புக் காப்பீட்டின் மூத்த வடிவம் என்று இந்தப் பிணைப் பத்திரத்தைச் சொல்லலாம்.

1853இல் இண்டியானாவும், அதன் பின் வேறு சில மாநிலங்களும் இதே வழியில் சட்டம் இயற்றின. இவற்றுள் 1872இல் வந்த இல்லினாய் சட்டம் முக்கியமானது. மனைவி, பிள்ளை, பெற்றோர், வேலை கொடுத்தவர் என யாருடைய பிழைப்பு குடியால் கெட்டாலும் அவர் வழக்குப் போடலாம் என்றது அது. தெரிந்தே கடைக்கு இடம் வாடகைக்கு விட்ட கட்டட உரிமையாளரையும் அது விட்டுவைக்கவில்லை. மனைவிக்குத் தனியாக வழக்காடும் உரிமையே அரிதாக இருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே 1872இல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு குடிகாரரின் மனைவி அடேர் சட்டத்தின் கீழ் சாராயக் கடைக்காரர் மீது வழக்குத் தொடுத்தார். 'மதர் ஸ்டூவர்ட்' என்று பின்னாளில் பெயர் பெற்ற எலைசா ஸ்டூவர்ட் அப்போது நீதிமன்றத்தில் இருந்தார். வக்கீல் கேட்டுக்கொண்டபடி, சட்டம் படிக்காத அந்தப் பெண்மணியே எழுந்து ஜூரிகள் முன் பேசினார். வழக்கு மனைவிக்கே வெற்றியாக முடிந்தது.

1920 முதல் 1933 வரை நாடு முழுதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகு, குடிப்பதைக் குற்றமாகப் பார்க்கும் மனப்போக்கும் தளர்ந்தது. பல மாநிலங்கள் பழைய சட்டங்களைக் கைவிட்டன.

அவற்றின் இடத்தை நிரப்பியது மோட்டார் கார். முன்பு குடிகாரரால் கெட்டது அவருடைய வீடு. இப்போது சாவது எதிரே வரும், முன்பின் தெரியாத மனிதர்! 1959இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. 18 வயதுப் பையனுக்கு மதுக்கடைகள் மது விற்றிருந்தன, அவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்திருந்தார். தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் அலட்சியத்துக்காகக் கடைகள் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971இல் கலிபோர்னியாவும் அதே முடிவுக்கு வந்தது. ஆனால் அங்கே 1978இல் சட்டமன்றமே குறுக்கிட்டு, குடிப்பதுதான் காரணம் என்ற பழைய கொள்கையைத் திரும்பக் கொண்டுவந்தது.

1984இல் நியூஜெர்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. இம்முறை கடையே இல்லை. தன் வீட்டில் நண்பருக்கு மது கொடுத்த ஒருவர், அவரைக் கார் வரை சென்று வழியனுப்பினார். அரை மணி நேரம் கழித்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று அக்கறையோடு தொலைபேசியிலும் விசாரித்தார். நண்பரின் மனைவிதான் விபத்துச் செய்தியைச் சொன்னார். நண்பர் இரண்டு மூன்று கோப்பைதான் குடித்ததாகச் சொல்லப்பட்டது. நிபுணரோ ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, 13 கோப்பைக்குச் சமம் என்றார். விருந்து கொடுத்தவரும் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது.

கடைக்குப் பொறுப்பு வந்தபோது காப்பீட்டு நிறுவனங்கள் அதற்கெனத் தனி பாலிசி விற்றன. விருந்து கொடுப்பவரும் பொறுப்பாளி என்றால் எல்லையை எங்கே போடுவது? பாலிசிகளின் வாசகங்களை வகுக்கும் இன்சூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ் என்ற அமைப்பின் 1986ஆம் ஆண்டுப் படிவத்தில் எல்லைக்கோடு ஒரு சொற்றொடரில் இருந்தது. மதுவைத் தயாரிப்பது, விற்பது, பரிமாறுவது ஆகியவற்றைத் 'தொழிலாகக் கொண்டவருக்கு' மட்டும் சாதாரண வணிகப் பாலிசி மதுவால் வரும் கேட்டை ஏற்காது. அவர் தனியாக மதுப் பொறுப்புப் பாலிசி வாங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பழைய பாலிசியே போதும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவில் வந்தவர்களுக்கு ஒயின் கொடுக்கும் கடை மதுத் தொழில் செய்யவில்லை, சரி. அதே கடை நுழைவுச் சீட்டுக்குப் பணம் வாங்கினால்? கோப்பைக்கு 5 டாலர் வாங்கினால்? ஒரு நாள் உரிமம் எடுத்தால்? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சில பாலிசிகளில் ஒரு திருத்தத் தாளை ஒட்டுவார்கள். காசுக்குப் பரிமாறினால் காப்பு இல்லை என்று அது சொல்லும். இலவசமாகக் கொடுத்தாலும், அதற்கு உரிமம் தேவை என்றால் அப்போதும் காப்பு இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை மது ஊற்றும் சிறு வணிகர் அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். விபத்துக்குப் பிறகு படித்துப் பயன் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு மட்டுமான பாலிசி எடுப்பது உண்டு. 2013இல் வந்த திருத்தத்தில், விருந்தினர் தாங்களே மது கொண்டுவர அனுமதிப்பது மட்டும் மதுத் தொழில் ஆகாது என்று தெளிவாக எழுதினார்கள்.

காப்பீட்டைக் கட்டாயமாக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். தென் கரோலினா மாநிலம் 2017இல் அதைத்தான் செய்தது. மாலை 5 மணிக்குப் பிறகு தங்கள் இடத்தில் வைத்தே மது பரிமாறுபவர்கள் குறைந்தது 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் அங்கே கடையின் தவறு சிறு பங்கே ஆனாலும் முழு நஷ்டஈடும் அதன் தலையில் விழக்கூடிய நிலை இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் சில விலகின. பிரீமியம் தாறுமாறாக ஏறியது. சிறு மதுக்கூடங்களும் இசை அரங்குகளும் முன்னாள் படைவீரர் மன்றங்களும் கட்ட முடியாமல் தவித்தன, சில மூடியே விட்டன. மறுபக்கம், குடிபோதை ஓட்டுநர்களால் பிள்ளைகளை இழந்த பெற்றோர், சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று சட்டமன்றத்தில் வாதாடினார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. 2025 மே மாதத்தில் திருத்தச் சட்டம் கையெழுத்தானது. மது பரிமாறும் ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயமாயிற்று. நள்ளிரவுக்குள் பரிமாறுவதை நிறுத்தும் கடைக்குக் குறைந்த தொகைக் காப்பீடே போதும் என்றானது. அது 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.