எட்வர்டு ரோஜாவும் ராயல்டி கணக்கும்



சென்ற தை மாதம் நம் பூங்கா நுழைவாயிலில் 24 ரோஜாச் செடிகள் நட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நீளமான காம்பு, பூங்கொத்துக் கடையில் இருக்கும் அதே அடர்சிவப்புப் பூ. நம் சந்தாப் பணத்தில் வாங்கியவை. அக்னி நட்சத்திரம் முடிந்தபோது 19 செடிகள் வெறும் குச்சியாகிவிட்டன. பொதுக்குழுவில் நாம் தோட்டக்காரரைக் குறை சொன்னோம். அவர் தண்ணீர் லாரியைக் குறை சொன்னார். அதே வேலியோரம் யாரோ எப்போதோ குச்சி ஒடித்து ஊன்றிவிட்டுப் போன ஓர் எட்வர்டு ரோஜா மட்டும், சித்திரை வெயிலிலும் தினம் நாலு பூ பூத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழைக்கு முன் மறுபடி என்ன நடுவது என்று செயற்குழு முடிவு செய்ய இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த இரண்டு செடிகளின் பூர்வீகத்தை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். நான் தாவரவியல் படித்தவனில்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ரோஜாவுக்குள்ளும் ஒரு வரவு செலவு இருக்கிறது. அதை முதலில் பார்த்தது என் மேசையில்தான்.

ஓசூரில் பார்த்த ஒரு வரி

தொண்ணூறுகளில் சில வருடங்கள் நான் ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்தேன். பசுமைக்குடில் அமைத்துக் கொய்மலர் ரோஜா வளர்க்கக் கடன் கேட்டு விண்ணப்பங்கள் வரும். இரும்புக் குழாய், பாலித்தீன் விரிப்பு, சொட்டுநீர், குளிர்பதன அறை என்று செலவுப் பட்டியல் நீளும். அதில் ஒரு வரி எனக்குப் புதிதாக இருந்தது: ராயல்டி, செடி ஒன்றுக்கு இவ்வளவு என்று. சினிமாப் பாட்டுக்கு ராயல்டி கேள்விப்பட்டிருந்தேன், செடிக்கு அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஏக்கருக்குச் சுமார் 25,000 செடிகள் நடுவார்கள். பெருக்கிப் பாருங்கள், சின்னத் தொகை அல்ல.

மேலாளரிடம் கேட்டேன். "இந்த ரகத்தை உண்டாக்கியவன் வெளிநாட்டில் இருக்கிறான். செடி நம்முடையது, ரகம் அவனுடையது" என்றார். அந்த வாக்கியம் என் மனதைவிட்டுப் போகவே இல்லை. ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இனி வருவது.

கல்கத்தா வழியாகப் போன ரோஜா

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். மாதாமாதம் பூக்கும் குணம் சீனத்து ரோஜாவில் இருந்தது. 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கப்பல்களில் அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. வழியில் கல்கத்தா தாவரவியல் தோட்டம் ஒரு தங்குமிடம். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் சீன ரோஜாவுக்கு "வங்காள ரோஜா" என்றே பெயர் வைத்தார்கள். சரக்கு சீனத்துடையது, பெயர் வந்தது இறக்கி ஏற்றிய துறைமுகத்தால்.

நம் எட்வர்டு ரோஜாவின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு. பழைய பெயர் பூர்போன். நம் தமிழர்கள் பலர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்க் குடியேறிய தீவு அது. அங்கே வயல்களுக்கு ரோஜாவை வேலியாக நடுவார்கள். ஒரு வரிசை டமாஸ்க் ரோஜா, ஒரு வரிசை சீன ரோஜா. இரண்டும் தாமாகவே கலந்து ஒரு புதுச் செடி முளைத்தது. ஊர்க்காரர்கள் அதை "ரோஸ் எதுவார்" என்றார்கள். 1817-ல் அங்கு வந்த பிரெயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதைக் கவனித்துப் பாரிசுக்கு விதை அனுப்பினார். அதிலிருந்துதான் பூர்போன் ரோஜா என்ற பெரிய குடும்பமே வந்தது. நாம் மாலை கட்டும் எட்வர்டு, அந்த எதுவார்தான் என்று ரோஜா ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். டமாஸ்க் தந்த வாசனை, சீனம் தந்த ஓயாத பூப்பு, இரண்டும் அதில் இருக்கின்றன.

மாட்டுப் பண்ணையில் கற்ற பாடம்

அதுவரை புது ரோஜா என்றால் பெரும்பாலும் தற்செயல்தான். தேனீ செய்துவிட்டுப் போகும், மனிதன் விதையைப் பொறுக்கி முளைக்கப் போடுவான். 1867-ல் பிரான்சின் கீயோ என்பவர் வெளியிட்ட "லா பிரான்ஸ்" ரோஜாவை இன்றைய ஹைப்ரிட் டீ வகையின் முதல் செடி என்பார்கள். அதற்கும் தாய் தகப்பன் இன்னாரென்று உறுதியாகத் தெரியாது.

இதை மாற்றியவர் ஹென்றி பென்னட் என்ற ஆங்கிலேய விவசாயி. அவருக்கு மாடு வளர்ப்பு தெரியும். காளை எது, பசு எது என்று பதிவேடு வைப்பதுபோல ரோஜாவுக்கும் வைத்தார். வேண்டிய இரண்டு செடிகளைத் தேர்ந்து, கண்ணாடி வீட்டுக்குள் தன் கையால் மகரந்தம் தொட்டுவைத்து, 1879-ல் "வம்சாவளி தெரிந்த ரோஜாக்கள்" என்றே பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேரேடு எழுதத் தெரிந்தவன் ஜெயித்தான் என்பதில் என்னைப் போன்றவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

செய்முறை இன்றும் அதேதான். தாயாக வைக்கும் பூ விரிவதற்கு முதல் நாள் இதழ்களையும் மகரந்தப் பைகளையும் கிள்ளிவிட வேண்டும். தகப்பன் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் சூல்முடியில் தடவி, காகிதப் பை மாட்டி, தேதி எழுதிக் கட்ட வேண்டும். காய் பழுக்க மூன்று நாலு மாதம். விதையைச் சில வாரங்கள் குளிரில் வைத்தால்தான் நன்றாக முளைக்கும். பெரிய நிறுவனங்கள் வருடம்தோறும் ஆயிரக்கணக்கில் நாற்று முளைக்க வைத்து, அதில் ஒன்றிரண்டைத்தான் கடைசியில் வெளியிடும். எட்டுப் பத்து வருடம் ஆகிவிடும். பூங்கொத்துக்கான ரகம் என்றால் இன்னும் கறாரான சோதனை: காம்பு நீளமா, பெட்டியில் அடுக்கினால் இதழ் நசுங்காதா, ஜாடியில் எத்தனை நாள் நிற்கும், ஒரு செடி வருடத்துக்கு எத்தனை பூ தரும். இந்தக் கேள்விகளில் வாசனைக்கு இடம் இல்லாமல் போயிற்று. கடை ரோஜாவை முகர்ந்து ஏமாந்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

இவ்வளவு உழைப்புக்கு உரிமை வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கா 1930-ல் செடிகளுக்குக் காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1931-ல் முதலாம் எண் காப்புரிமை பெற்றதும் ஒரு ரோஜாதான், பெயர் "நியூ டான்". வேடிக்கை என்னவென்றால் அது கலப்பினம் செய்து உண்டாக்கிய செடி அல்ல. இருந்த ஒரு கொடி ரோஜாவில் தானாகக் கிளைத்த மாற்றம். கண்டுபிடித்துப் பதிவு செய்தவருக்கு உரிமை கிடைத்தது. ரீயூனியன் வேலிக்காரருக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் எதையும் எழுதிவைக்கவில்லை.

நம்மவர்கள் இருவர்

நம் நாட்டில் யாரும் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். டாக்டர் பி.பி. பால் கோதுமை விஞ்ஞானி. கேம்பிரிட்ஜில் படித்தவர். துரு நோயைத் தாங்கும் என்.பி. 809 கோதுமையை உருவாக்கியவர். 1950-ல் புது டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர், 1965-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலின் முதல் தலைமை இயக்குநர். நாட்டுக்குச் சோறு போட்டதுபோக மிச்சமிருந்த நேரத்தில் ரோஜா வளர்த்தார். "டெல்லி பிரின்சஸ்", "பஞ்சாரன்", "டாக்டர் ஹோமி பாபா" எல்லாம் அவர் தந்தவை. 1966-ல் "இந்தியாவில் ரோஜா" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலும் எழுதினார்.

இன்னொருவர் நமக்குப் பக்கத்தில், கொடைக்கானலில் குடியேறியவர்: எம்.எஸ். வீரராகவன். ஐ.ஏ.எஸ். பணியை முன்கூட்டியே விட்டுவிட்டு, மனைவி கிரிஜாவுடன் சேர்ந்து ரோஜாவிலேயே இறங்கியவர். அவர் கேட்ட கேள்வி நம் பூங்காவுக்கான கேள்விதான். இன்றைய ரோஜாக்கள் குளிர் தேசத்தில், அங்குள்ள பருவத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வெயில் தேசத்துக்கென்று ரோஜா ஏன் இல்லை? பதிலும் இந்தியாவிலேயே இருந்தது. மணிப்பூர் மலையில் மரங்களின்மேல் படரும் "ரோசா ஜைஜாண்டியா", வங்காளம், பீகார்ப் பக்கம் நீர்நிலை ஓரங்களில் வளரும் "ரோசா கிளினோபில்லா". இந்தக் காட்டு ரோஜாக்களைத் தம்பதியர் தேடிப்போய்க் கொண்டுவந்தார்கள்.

கலப்பதும் சுலபமில்லை. இந்தக் காட்டு ரோஜாக்களுக்குக் குரோமோசோம் 14, தோட்ட ரோஜாவுக்குப் பெரும்பாலும் 28. சேர்த்தால் 21. அப்படிப் பிறக்கும் பிள்ளை பெரும்பாலும் மலடு, அடுத்த தலைமுறை நின்றுவிடும். அதைத் தாண்டித்தான் அவர்கள் பல ரகங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்கு, குரோமோசோம் ஆராய்ச்சியில் உலகப்புகழ் பெற்று, கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் பணிசெய்த இ.கே. ஜானகி அம்மாளின் பெயரை வைத்தார்கள்.

ஆனால் கவனியுங்கள். இவர்கள் இருவரும் செய்தது பெரும்பாலும் தோட்டத்துக்கான ரோஜா. பூங்கொத்துச் சந்தைக்கு டெல்லி நிறுவனம் "பூசா" என்ற முன்பெயரோடு சில ரகங்களைத் தந்திருந்தாலும், ஓசூர்ப் பசுமைக்குடில்களை நிரப்பியது பெரும்பாலும் வெளிநாட்டு ரகம்தான். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்துக் குளுமை. அங்கே அது செழிக்கும், காதலர் தினத்துக்கு விமானம் ஏறும். குறை சொல்வதற்கில்லை, பல குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. அதே செடியைக் கரிசல் மண்ணில், விருதுநகர் வெயிலில் கொண்டுவந்து நட்டோமே, தவறு செடியுடையதா? தோட்டக்காரருடையதா?

சிவகாசிக்காரர்கள் செய்தது

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, மறு வருடமே இங்கே தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த காய்ந்த காற்றுதான் நம் ஊரின் சாபம் என்று எல்லோரும் சொன்னபோது, தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் அதுவே வரம் என்று காட்டினார்கள். தெரிந்த வித்தையை நம் மண்ணுக்கு ஏற்றபடி திருப்பினார்கள். ரோஜாவில் அந்த இரண்டாவது பாதி வேலை இன்னும் முழுமையாக நடக்கவில்லை. ரோஜாப் படம் போட்டு லட்சக்கணக்கில் காலண்டர் அச்சடித்த ஊரில், இந்த வெயிலுக்கென்று ஒரு ரோஜாச் செடி இல்லை.

சட்டம் நமக்குத் தடை இல்லை. 2001-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விவசாயியும் தன் ரகத்தைப் பதிவு செய்யலாம். பதிவான ரகத்தைப் புது ரகம் உண்டாக்கும் ஆராய்ச்சிக்குத் தாயாகவோ தகப்பனாகவோ பயன்படுத்தவும் வழி இருக்கிறது.

என் மொட்டைமாடிக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக எட்வர்டின் மகரந்தத்தை ஒரு மஞ்சள் தொட்டி ரோஜாவில் தொட்டுப் பார்க்கிறேன். முதல் வருடம் காய் எல்லாம் பங்குனி வெயிலில் உதிர்ந்தது. இரண்டாம் வருடம் மூன்று காய், 11 விதை. குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் நான் கேட்டது தனிக்கதை. இரண்டு முளைத்தன. ஒன்று செத்தது. மிஞ்சிய ஒன்று இந்த ஆடியில் பூத்தது. வெளிறிய இளஞ்சிவப்பு, ஐந்தாறு இதழ், யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆனால் லேசாக வாசனை இருக்கிறது, இலை கருகவில்லை. பேரேட்டில் முதல் வரவு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். மறுபடி கடைச் செடிக்குச் செலவு செய்ய வேண்டாம். எட்வர்டும் ஆந்திரச் சிகப்பும் குச்சியிலேயே வேர் பிடிக்கும். 24 குச்சி நானே பதியம் போட்டுத் தருகிறேன். அந்தப் பணத்தில் சொட்டுநீர்க் குழாய் வாங்கலாம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் போகும்போது, ஆச்சி வீட்டுக் கொல்லையில் பெயர் தெரியாத பழைய ரோஜா நின்றால், பென்சில் கனத்தில் ஒரு குச்சி ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஊர் பெயரையும் வைத்தவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள். பூங்கா நோட்டில் பதிந்து வைப்போம்.

தோட்டக்காரரிடம் நான் போன வாரமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்களும் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.