கருவாடும் உப்பு வரியும்: பாதி உப்பின் கதை

மில்லர்புரத்தில் இருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் உப்பளங்கள் வந்துவிடும். வெள்ளை வெள்ளையாய்க் குவித்து, மேலே பனையோலை போட்டு மூடி வைத்திருப்பார்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால் அதற்கு முக்கிய காரணம் எங்கள் தூத்துக்குடிதான். இப்படிப்பட்ட கடற்கரையில், ஒரு காலத்தில் உப்பு கட்டுப்படியாகாமல் மீன் கெட்டது என்றால் வினோதமாக இருக்கிறது அல்லவா? இந்தக் கட்டுரை அந்தக் காலத்தைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் நுண்ணுயிரியலும் வரும், பயப்பட வேண்டாம்.

கருவாடு நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில், மணலில் காயும் மீனைக் கொத்த வரும் பறவைகளை விரட்டிக்கொண்டு பரதவர் மகளிர் உட்கார்ந்திருப்பார்கள். உமணர்கள் வண்டி வண்டியாக உப்பு ஏற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றுவார்கள். மீனும் உப்பும் வெயிலும் ஒரே இடத்தில் கிடைத்தால் கருவாடு பிறக்காமல் என்ன செய்யும்!

இன்னொரு வகை, நம் ஊர் கடைகளில் கட்டை போலக் கிடக்கும் மாசி. மாலத்தீவில் இருந்து வருவது. சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்து, புகையில் போட்டு, பிறகு வெயிலில் காய வைப்பார்கள். 1343-44ல் மாலத்தீவில் காஜியாக இருந்த இபின் பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையில் தொங்க விடுவார்கள் என்றும், அது இந்தியா, சீனா, ஏமன் வரை போனது என்றும் சொல்கிறார். அதன் மணம் ஆட்டிறைச்சி போல இருக்குமாம். வேகவைத்தல், உப்பு, புகை, வெயில் என்று நான்கு தடுப்புகள். எது எந்தக் கிருமியைத் தடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் நான்கும் சேர்ந்தால் மீன் மாதக்கணக்கில் நிற்கும் என்பது தெரியும்.

இடையில் ஒரு தகவல். இதே கடற்கரையின் இன்னொரு பெரிய தொழிலான முத்துக்குளிப்பில், சிப்பிகளை வேண்டுமென்றே அழுக விடுவார்கள்! சதை அழுகி, புழு தின்று, மிச்சத்தைக் கழுவினால் முத்து கிடைக்கும். ஆயிரக்கணக்கானோர் கூடும் அந்த முகாம்களில் நாற்றமும் காலரா பயமும் கூடவே இருக்கும். தூத்துக்குடிப் பார்களில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அழுகலால் ஒரு தொழில், அழுகலைத் தடுத்து ஒரு தொழில், இரண்டும் ஒரே மணலில்.

இனி வரிக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1805ல் மெட்ராஸ் மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். 1882ல் மணங்குக்கு (சுமார் 37 கிலோ) 2 ரூபாய் வரி, 1888ல் அது இரண்டரை ரூபாய். உப்பை விளைவிக்கும் செலவைப் போல இது பல மடங்கு. சாப்பாட்டுக்கு உப்பு வாங்குபவர் எப்படியோ சமாளிப்பார். ஆனால் மீனுக்கு உப்புப் போடுபவரின் நிலை வேறு. மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பாவது வேண்டும். மலிவான சாளையின் விலையை விட அதில் போடும் உப்பின் விலை கூடிவிட்டால் யார் போடுவார்கள்?

எனவே மீனவர்கள் மூன்று வேலை செய்தார்கள். உப்பே இல்லாமல் வெறும் வெயிலில் காய வைத்தார்கள். அல்லது உவர்மண்ணைச் சுரண்டிப் பூசினார்கள், பிடிபட்டால் தண்டனை. அல்லது உப்பைக் குறைத்துப் போட்டார்கள். இந்தியா முழுக்க மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1873ல் வெளியிட்ட அறிக்கையில் உப்பு வரி மீன் பதனிடுதலை எப்படிப் பாதிக்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். (இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை எழுதியவரும் இவர்தான்.) 1870களில் இருந்து மெட்ராஸ் மாகாணக் கடற்கரையில் அரசு ‘மீன் பதனிடும் யார்டுகள்’ திறக்கப்பட்டன. வேலி போட்ட முற்றம். மீனைக் கொண்டு வந்து எடை போட வேண்டும், எடைக்கேற்ப வரியில்லாத உப்பு தருவார்கள், அங்கேயே உப்பிட்டுக் காயவைத்து எடுத்துப் போக வேண்டும். உப்பு வெளியே கடத்தப்படக் கூடாது என்பதில்தான் அதிகாரிகளின் கண் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மீன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க உப்பு இலாகாவுக்கு என்ன அவசியம்? அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் பிரடெரிக் நிக்கல்சன். ஐ.சி.எஸ். பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு 1905ல் மீன்வளப் பணிக்கு வந்து, ஜப்பான் வரை போய்ப் பார்த்து, மேற்குக் கரையில் தானூரில் பரிசோதனை நிலையம் நடத்தினார்.

இந்த இடத்தில்தான் கதையில் ஒரு விசித்திரமான மனிதர் நுழைகிறார். லண்டனின் பிரபல அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன். சரியாகப் பதனிடாத மீனைத் தின்பதால்தான் தொழுநோய் வருகிறது என்பது அவர் வாதம். இதை நிரூபிக்க இந்தியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று சுற்றினார். 1906ல் தொழுநோயும் மீன் உணவும் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். உப்பு வரியால் மீன் சரியாகப் பதனிடப்படுவதில்லை என்பதும் அவர் வாதத்தில் உண்டு.

அவர் சொன்னது தவறு. நார்வேயில் ஹான்சன் 1873லேயே தொழுநோய்க் கிருமியைக் கண்டுவிட்டார். 1890-91ல் இந்தியா வந்த தொழுநோய்க் கமிஷனும் மீன் காரணம் என்பதை ஏற்கவில்லை. ஆனாலும் ஹட்சின்சன் 1913ல் இறக்கும் வரை விடவில்லை. ஒரு தவறான கோட்பாடு, வரியைப் பற்றி ஒரு சரியான விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது. அதே நேரம் கருவாடு தின்னும் கடலோர மக்கள் மீது தொழுநோய்ப் பழியையும் சுமத்தியது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

சரி, குறைந்த உப்பு உண்மையில் என்ன செய்யும்? இதற்குப் பதில் பெல்ஜியத்தில் கிடைத்தது, அதுவும் மீனில் இல்லை, இறைச்சியில். 1895 டிசம்பரில் எலசேல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலருக்குப் பார்வை மங்கி, விழுங்க முடியாமல் போனது. மூன்று பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியில் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். உப்பு போதுமான அளவு இருந்தால் அது வளர்வதில்லை என்பதையும் அவர் கவனித்தார். சுமார் 10 சதவீதம் உப்பு அதை நிறுத்திவிடும். அதற்குக் கீழே, மற்ற கிருமிகள் அடங்கியிருக்க இது மட்டும் வளர வாய்ப்பு உண்டு. பாதி உப்பு, முழுப் பாதுகாப்பில் பாதியைத் தருவதில்லை.

உப்பு கிருமியை நேராகக் ‘கொல்வது’ குறைவு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமிக்குக் கொடுப்பதில்லை. இதை நீர்ச் செயல்பாடு என்ற எண்ணால் அளப்பதை 1950களில் நிலைநாட்டியவர் ஆஸ்திரேலியாவின் டபிள்யூ.ஜே. ஸ்காட். அவரும் இறைச்சி ஆராய்ச்சியில் இருந்து வந்தவர். சுத்தமான தண்ணீருக்கு 1. பொட்டுலினம் 0.94க்குக் கீழே வளராது. உணவை நஞ்சாக்கும் இன்னொரு கிருமியான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். முழுவதும் உப்பு ஏறிய நீரில் 0.75. நன்றாக உப்பிட்டு நன்றாகக் காய்ந்த கருவாடு இந்தப் பக்கம் வந்துவிடும். நம் வீடுகளில் மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் தொங்க விடும் உப்புக்கண்டமும் இதே கணக்குதான்.

ஆனால் உப்பை விரும்பும் கிருமிகளும் உண்டு! உப்பளப் பாத்தி சில சமயம் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும் பங்கு உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களுக்கு உண்டு. அவை உப்போடு சேர்ந்து கருவாட்டுக்கு வந்து, ஈரம் பட்டால் சிவப்பாகப் படர்ந்து பிசுபிசுக்கும், நாறும். இவற்றால் நோய் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் கருவாடு ஈரம் வாங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம், வாங்காதீர்கள். ஆபத்தானது வேறொன்று. 1950ல் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த சின்னச் சாளைக் குஞ்சுகளைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள். புஜினோ கண்டுபிடித்த அந்தக் கிருமி, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடல் நீர் அளவு உப்பில்தான் செழித்து வளரும்.

உப்பு வரி 1947ல் ஒழிந்தது. கொஞ்ச காலத்திலேயே ஐஸும் வந்தது. 1953ல் கொச்சியில் இருந்து உறைய வைத்த இறால் ஏற்றுமதி தொடங்கியது, 1957ல் அங்கே மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது, 1977ல் தூத்துக்குடிக்கு மீன்வளக் கல்லூரி வந்தது. 1997ல் சுகாதாரக் குறைகளைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவைத் தடை செய்தபோது ஏற்றுமதி ஆலைகள் அலறிப் புடைத்துத் திருந்தின. டைல்ஸ், குளோரின் தண்ணீர், தலைக்கு வலை, எல்லாம் வந்தன.

உள்ளூர் கருவாட்டை அப்படி யாரும் தடை செய்யவில்லை, அதனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. மணலில் போடாமல் உயரமான பந்தலில் வலை விரித்துக் காய வைத்தால் மண்ணும் நாய், காக்கை எச்சமும் படாது, கீழிருந்தும் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காயும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். பந்தலில் காய்ந்த நெத்திலிக்கும் மணலில் காய்ந்த நெத்திலிக்கும் சந்தையில் ஒரே விலை கிடைக்குமானால், கம்பும் வலையும் வாங்கும் செலவைக் கருவாடு போடும் பெண்கள் ஏன் ஏற்க வேண்டும்? உப்புக்கு அன்று போட்ட கணக்கை இன்று பந்தலுக்குப் போடுகிறார்கள்.