கோட்டப்புறத்தில் ஒரு லுஹர்

பரவூர்ப் படகுத்துறையில் ஏறிய நாங்கள் கோட்டப்புறத்தில் இறங்கியபோது லுஹர் நேரம் ஆகியிருந்தது. பெரியாறு கடலைத் தேடிச் செல்லும் வழியில் உள்ள சிறிய துறை அது. சங்கப் புலவர்கள் முசிறி என்று பாடிய துறைமுகம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது. அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம் சென்றால் கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல். பயணத் தொழுகையாகச் சுருக்கித் தொழுதுவிட்டு வெளியே வந்தோம்.

கி.பி. 629இல் எழுப்பப்பட்ட பள்ளி என்பது அங்கு வழங்கும் மரபு. சந்திரன் பிளந்ததைக் கண்ட சேரமான் பெருமாள் மக்கா சென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சந்தித்து இஸ்லாத்தைத் தழுவினார். திரும்பும் வழியில் மறைந்தார். அவருடைய கடிதத்துடன் வந்த மாலிக் பின் தீனார் குழுவினர் பள்ளிகளைக் கட்டினர். நம் வீடுகளிலும் மேடைகளிலும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்படும் செய்தி இது.

ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவ்வாறு சொல்லவில்லை. மக்தூம் குடும்பத்தார் பெயரோடு 'மஅபரீ' என்ற அடைமொழி வழங்கும்; மஅபர் என்று அரபியர் அழைத்தது நம் சோழமண்டலக் கரையை. அவர் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' சேரமான் கதையை விரிவாகவே கூறுகிறது. கூறிவிட்டு, இது நபிகளாரின் காலத்தில் நடந்தது என்ற மக்களின் நம்பிக்கையை ஏற்க மறுக்கிறது. ஹிஜ்ரி இருநூறாம் ஆண்டுக்குப் பின்னரே நடந்திருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

போர்த்துகீசியரை எதிர்த்துப் போராடுமாறு முஸ்லிம்களை எழுப்புவதற்காக எழுதப்பட்ட நூல் அது. தொன்மைப் பெருமையைச் சற்றே கூட்டிச் சொல்லியிருந்தால் அன்று கேட்க ஆளிருந்திருக்காது. அவர் கூட்டவில்லை.

இன்னொன்றும் எழுதினார். அது படிக்கக் கசப்பானது. இதே கொடுங்கல்லூரில் யூதர்கள் நெடுங்காலமாக வாழ்ந்தனர். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்பவருக்கு 72 உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது; அது முயிரிக்கோட்டில், அதாவது இவ்வூரில் வழங்கப்பட்டது. 1524ஆம் ஆண்டையொட்டி முஸ்லிம் ஒருவர் யூதர்களால் கொல்லப்பட்டார். பல ஊர்களிலிருந்து திரண்டு வந்த முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கினர். வீடுகளும் ஜெப ஆலயங்களும் அழிக்கப்பட்டன. கிறிஸ்தவர்களின் தேவாலயங்களும் தப்பவில்லை. நம்மவர் செய்தது என்பதற்காக மக்தூம் இதை மறைக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் யூதர்கள் கொச்சிப் பக்கம் குடிபெயர்ந்தனர். போர்த்துகீசியரின் கொடுமையும் அவர்களை விரட்டியது.

பள்ளியின் உள்ளே பழைய எண்ணெய் விளக்கு ஒன்று தொங்குகிறது. அதற்குப் பிற சமயத்தாரும் எண்ணெய் கொண்டுவந்து தருவது வழக்கம். உடன் வந்த பிள்ளைகள் ஆண்டைக் காட்டி, இது மெய்தானா என்று கேட்டனர். மரபு இது, மக்தூம் எழுதியது இது என்று இரண்டையும் சொன்னோம். அவர்களுக்கு ஏமாற்றந்தான்.

மாலையில் படகு எங்களை மீண்டும் பரவூரில் இறக்கியது. அங்குள்ள ஜெப ஆலயத்துக்குள்ளும் சென்றோம். ஓடு வேய்ந்து, மரவேலைப்பாடுகளுடன் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். 1948க்குப் பின் அவ்வூர் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். இப்போது அது அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.