கில்மன் உதவித்தொகை

அமெரிக்க இளநிலைப் பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கவும் பயிற்சி பெறவும் அமெரிக்க வெளியுறவுத் துறை வழங்கும் நிதியுதவி. 2000இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே உருவானது. நியூயார்க்கைச் சேர்ந்த அப்போதைய பிரதிநிதிகள் அவை உறுப்பினர் பெஞ்சமின் கில்மனின் பெயர் சூட்டப்பட்டது. குறைந்த வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு தரும் பெல் மானியத்தைப் பெறும் அமெரிக்கக் குடிமக்களே விண்ணப்பிக்கலாம். இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கும் இடமுண்டு.

தொகை 5,000 டாலர் வரை. அரபு, சீனம் போன்ற மொழிகளை வெளிநாட்டில் கற்போருக்கு மேலும் 3,000 டாலர் வரை கிடைக்கும். விமானக் கட்டணம், தங்குமிடம், காப்பீடு, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு இதைச் செலவிடலாம்.

கோடையில்தான் இதன் குறை கூடுதலாகத் தெரியும். வசதியில்லாத மாணவருக்குக் கோடை விடுமுறை என்பது உணவகத்திலோ கடையிலோ வேலை பார்த்து அடுத்த ஆண்டுக்குப் பணம் சேர்க்கும் காலம். வெளிநாடு போனால் அந்தச் சம்பளம் போய்விடும். உதவித்தொகை பயணச் செலவைத் தாங்குகிறதே தவிர இந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை; திட்டத்தின் பெருங்குறை இதுவே. உதவித்தொகை பெற்றவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு: நாடு திரும்பியபின், தம்மைப் போன்ற மாணவர்களிடம் இவ்வாய்ப்பை எடுத்துச் சொல்லும் பணி ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும்.