கோடைக் காற்றும் இருவாச்சியின் பொந்தும்

காற்றை அது வரும் திசையால் பெயரிட்டு வழங்குதல் தமிழ் மரபு. கிழக்கினின்று வருவது கொண்டல். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. மேற்கினின்று வருவது கோடை. மலாக்கா நீரிணையில் கலம் செலுத்திய மாலுமிகளோ, மேற்கே திடீரெனக் கிளம்பும் சூறைக்கு அது புறப்படும் தீவின் பெயரையே இட்டு, ‘சுமத்ரா’ என்றனர். வானிலை ஆய்வாளர் இன்றும் அப்பெயரையே ஆள்கின்றனர்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இக்காற்றின் காலம். இரவில் சுமத்ராவின் மீதோ நீரிணையின் மீதோ இடிமேகங்கள் நெடுவரிசையாகத் திரண்டு கிழக்கு நோக்கி நகரும். தீவகற்பத்தின் மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் அவை பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ முற்பகலிலோ வந்தடையும். ஓரிரு மணி நேரமே நீடிப்பினும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும். 1984 ஏப்ரல் 25-இல் சிங்கப்பூரின் தெங்காவில் பதிவான வேகம் 144.4 கிலோமீட்டர். 2024 செப்டம்பர் 17-இல் வீசிய சூறையில் முந்நூறுக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்தும் கிளை முறிந்தும் சேதமுற்றன.

மரம் வீழ்ந்தால் மனிதர் சாலையைப் பற்றிக் கவலைப்படுவர். அம்மரத்தில் குடியிருந்த பறவையின் நிலை என்ன? கிளையில் கூடு கட்டும் சிறு பறவை சில வாரங்களில் வேறொன்று கட்டிக்கொள்ளும். மலாய்க்காரர் ‘எங்காங்’ என்றழைக்கும் இருவாச்சிக்கு அது இயலாது. அதற்குப் பொந்து குடையத் தெரியாது; இயற்கையாய் அமைந்த பொந்தையே நாட வேண்டும். பெண்பறவை உள்ளே புகுந்து மண், எச்சம் முதலியவற்றால் வாயிலை அடைத்து, அலகு நுழையும் பிளவு மட்டும் விடும். இரண்டு மாதங்களுக்கு மேல் ஆண்பறவை அப்பிளவின் வழியே பழம் ஊட்டும். ஆண்டின் தொடக்கத்தில் அடைகாக்கும் இணைகள் சில, குஞ்சு வெளிவருமுன்னரே இக்காற்றை எதிர்கொள்ள நேரும். பொந்தளிப்பது முதிர்ந்து உள்ளே உளுத்த பெருமரம். சூறைக்கு எளிதில் சாய்வதும் அதுவே.

அங்ஙனமாயின் சிங்கப்பூரிலிருந்து கருவெள்ளை இருவாச்சியை விரட்டியது காற்றா? அன்று. காற்று பன்னெடுங்காலமாக வீசிற்று, பறவையும் வாழ்ந்தது. காடு பரந்திருந்த நாளில் ஒரு மரம் சாய்ந்தால் வேறு பல மரங்கள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் காம்பியரும் மிளகும் பயிரிடக் காடு அழிக்கப்பட்டது. காம்பியர் இலையைக் காய்ச்ச விறகும் அக்காட்டிலேயே வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மண் வளமிழக்கவே, தோட்டக்காரர் அடுத்த காட்டிற்குப் பெயர்ந்தனர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இப்பறவை அங்குக் காணப்படாதொழிந்தது.

1994-இல் புலாவ் உபின் தீவில் ஓர் இணை மீண்டும் தென்பட்டது. பழம் கிடைத்தது, பொந்துதான் அரிது. நகரத்தில் உளுத்த மரத்தை நெடுநாள் விட்டுவைப்பதுமில்லை. சூறையில் மனிதர் மேல் விழக்கூடுமாகையால் அதனை அகற்றுவர். அதைக் குறை கூறவும் இயலாது. 2004-இல் தேசியப் பூங்காக் கழகமும் ஜூரோங் பறவைப் பூங்காவும் ஆய்வாளர்களுடன் இணைந்து, உறுதியான மரங்களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்தத் தொடங்கின. உள்ளே ஒளிப்படக் கருவியும் வைத்தன. பறவைகளின் தொகை பின்னர் நூறைக் கடந்தது. மரப்பொந்தில் செய்தவாறே, அப்பெட்டியின் வாயையும் பெண்பறவை அடைத்துக்கொண்டு உள்ளே அமர்கிறது.