நுண்ணங்கியும் முந்திரிகை மதுவும்

கொடிமுந்திரிகைப் பழத்தை நசுக்கித் தொட்டியிலிட்டால், சில நாள்களில் அச்சாறு தானாகவே நுரைத்துப் பொங்கி மதுவாகின்றது. அதனைப் பொங்கச் செய்வது யாது? இவ்வினாவுக்கு விடை கண்டோருள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர்.

அவர் காலத்தில் பிரான்சின் மது புளித்தும் கசந்தும் கெட்டு, உழவர்க்கும் வணிகர்க்கும் பெருநட்டம் விளைத்தது. 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதனை ஆராயுமாறு பாஸ்டரைப் பணித்தார். மதுவைக் கெடுப்பவை நுண்ணங்கிகளே என்றும், அளவாகச் சூடாக்கின் அவை மடியும் என்றும் 1866இல் வெளியிட்ட நூலில் அவர் காட்டினார்.

பின்னர் 1878இல், ஆர்புவா என்னும் ஊரருகே, தமது தோட்டத்துக் கொடிகள் சிலவற்றைக் கண்ணாடிக் கூடத்துள் அடைத்துக் குலைகளைப் பஞ்சினாற் பொதிந்தார். அப்பழத்தின் சாறு பொங்கவில்லை. வெளியே பழுத்ததன் சாறு பொங்கிற்று. பொங்கச் செய்யும் மதுவம் என்னும் நுண்ணங்கி புறத்தேயிருந்து பழத்தை வந்தடைகின்றது என்பது புலனாயிற்று.

இவ்வறிவிலிருந்து இரு வழிகள் பிரிந்தன. ஆய்வுகூடத்தில் வளர்த்த தூய மதுவத்தைச் சேர்த்து, ஏனையவற்றைக் கந்தகவீரொட்சைட்டால் அடக்குவது ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் இதுவே பெருவழக்காயிற்று. நட்ட அச்சம் குறைந்தது. ஆயினும், ஊருக்கு ஊர் வேறுபட்ட சுவை மறைகின்றதே என்னும் குறையும் எழுந்தது.

மற்றை வழியை நாடியவர் பொஜோலேப் பகுதியைச் சேர்ந்த ஜூல் ஷோவே (1907–1989). மதுவணிகரும் இரசாயன ஆய்வாளருமாகிய அவர், தோட்டத்தோடு வந்த மதுவத்தையே நம்பி, கந்தகம் சேராது மது செய்ய முயன்றார். அந்நம்பிக்கை கண்மூடித்தனமானதன்று. நல்ல பழத்தைத் தெரிதல், தூய்மை பேணல், நுணுக்குக்காட்டியால் நோக்கல் ஆகிய யாவும் அதற்கு வேண்டியிருந்தன. பாஸ்டரின் அறிவை அவர் துறக்கவில்லை. வேறு விதமாய்ப் பயன்படுத்தினார். 1980களில் மார்செல் லப்பியேர் முதலிய உழவர் அவ்வழி நின்றனர். 2020இல் பிரெஞ்சு அதிகாரிகளின் இசைவுடன் இத்தகைய மதுவுக்குத் தனிப் பெயர்க்குறியும் வகுக்கப்பட்டது.

சமூகவியலாளரும் இதனை ஆராயலாயினர். பாஸ்டரின் வெற்றி ஆய்வுகூடத்துள் மட்டும் விளைந்ததன்று; சுகாதாரப் பணியாளர், மருத்துவர், உழவர் எனப் பலர் கைகோத்தமையாலேயே அது நிலைத்தது என்று புரூனோ லத்தூர் 1984இல் எழுதினார். நுண்ணங்கியோடு மனிதர் கொள்ளும் உறவில் மனிதர் தமக்குள் கொள்ளும் உறவும் அடங்கியிருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு தொட்டி கெட்டால் சிற்றுழவனின் ஓராண்டு உழைப்பு வீணாகும். ஆதலின், எந்த நுண்ணங்கியை நம்புவது என்று வினவுவோர், அந்நம்பிக்கை பொய்த்தால் இழப்பைத் தாங்குபவர் யார் என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.